நெய் சிவந்த சனிக்கிழமை

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை எங்கள் வீட்டு நெய் சிவந்துவிட்டது.

சொன்னால் நம்பமாட்டீர்கள். பாலை வாங்கியது நாங்கள். உறை ஊற்றியது, கடைந்தது, வெண்ணெய் எடுத்தது, முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சியது — எல்லாம் என் மனைவி கமலா. நடுவில் கடையும் இல்லை, கடைக்காரனும் இல்லை. இருந்தும் எதிர்வீட்டு வரதராஜன் அதை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஏதோ திராவகத்தை ஊற்றிக் குலுக்கி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். குழாயின் அடியில் ரோஜாப்பூ நிறம்.

“கலப்படம், சார்” என்றார்.

யார் செய்த கலப்படம்? நானா? கமலாவா? அல்லது பால் கொடுத்த எருமையேதான் செய்ததா?

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் விட்ட குறை உங்களைத்தான் அரிக்கும்.

வரதராஜன் இங்கே ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி லெக்சரர். மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசிகள். தாத்தாவும் அப்பாவும் சமஸ்தானத்து உத்தியோகம் பார்த்தவர்கள். வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். தங்கமான மனிதர். ஒரே ஒரு வியாதி — எதையாவது நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். போன வருஷம் காபித் தூளில் சிக்கரி எவ்வளவு என்று தேடினார். அதற்கு முந்தின வருஷம் தேங்காயெண்ணெய். இந்த வருஷம் நெய்.

நெய்யைச் சந்தேகப்பட்டது அவர் குற்றமில்லை. யார்தான் சந்தேகப்படவில்லை? டின்னில் வரும் வனஸ்பதி இருக்கிறதே, அது நெய்போலவே வெள்ளையாக, மணல்மணலாக உறைந்திருக்கும். கொஞ்சம் நல்ல நெய்யை அதன் தலையில் ஊற்றிக் கலக்கினால் மூக்கும் ஏமாறும், நாக்கும் ஏமாறும். கமர்ஷியல் தெருப் பக்கம் ‘அசல் நெய்’ என்று போர்டு மாட்டிய கடைகளில் எது அசல், எது நகல் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

“இதுக்குப் போய் ஏன் கஷ்டப்படணும்? வனஸ்பதியில பச்சையோ சிவப்போ ஒரு சாயத்தைப் போட்டு விக்கச் சொல்லுங்க. அப்புறம் எவன் நெய்யில கலப்பான்?” என்று கமலா கேட்டாள்.

நியாயமான கேள்வி. கமலா மட்டுமா கேட்டாள்? தேசமே கேட்டது. மீட்டிங் போட்டுக் கேட்டார்கள், மகஜர் எழுதிக் கேட்டார்கள். பதில் என்ன வந்தது தெரியுமா? தகுந்த சாயம் கிடைக்கவில்லையாம்! ஒரு சாயம் காய்ச்சினால் ஓடிவிடுகிறதாம். ஒரு சாயம் உடம்புக்கு ஆகாதாம். ஒரு சாயம் போட்டால் ஜனங்கள் வாங்கமாட்டார்களாம். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். வானத்தில் விமானம் விடுகிறார்கள், அணுவைப் பிளக்கிறார்கள்... ஒரு டின் வனஸ்பதிக்கு நிறம் கொடுக்க மட்டும் விஞ்ஞானத்துக்கு வயசு பத்தவில்லை!

ஆனால் சர்க்கார் சும்மா இருந்துவிடவில்லை. ஒரு சமாதானம் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற சாயம் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அடையாளம் ஒன்று போடுங்கள் என்றார்கள். அதன்படி வனஸ்பதி செய்கிறவர்கள் அதில் கொஞ்சம் நல்லெண்ணெயைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். நல்லெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டாம். திராவகத்தில் துளி சர்க்கரையைப் போட்டு அதோடு குலுக்கினால், திராவகம் சிவந்துவிடும். நெய் சிவக்காது. ஆகவே நெய் சிவந்தால் அதில் வனஸ்பதி கலந்திருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு அழகான ஏற்பாடு! அடுக்களையில் ஒரு பாட்டில் திராவகமும், பக்கத்தில் ஒரு கெமிஸ்ட்ரி லெக்சரரும் இருந்துவிட்டால் எந்தக் குடும்பமும் ஏமாற வேண்டியதில்லை.

எங்கள் தெருவுக்கு அந்தப் பாக்கியம் இருந்தது.

என் மைத்துனன் சுந்தரம் அமெரிக்காவில் பால் பண்ணைப் படிப்புப் படித்துவிட்டு வந்தவன். ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்தபோது இந்தச் சாயச் சமாசாரத்தை அவனிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, அங்க இதே சண்டைதான். ஆனா தலைகீழா!”

“எப்படி?”

“அங்க வெண்ணெய்க்குப் போட்டியா மார்ஜரின்னு ஒண்ணு விக்கறாங்க. நம்ம வனஸ்பதிக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வெச்சுக்கங்க. அது மஞ்சளா இருந்தா ஜனங்க வெண்ணெய்ய விட்டுட்டு இதை வாங்கிடுவாங்கன்னு மாட்டுப் பண்ணைக்காரங்களுக்குப் பயம். மஞ்சள் போட்டா வரி, சில ராஜ்யத்துல போடவே கூடாதுன்னு தடைன்னு சட்டம் கொண்டாந்துட்டாங்க. வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி விக்கணும்.”

“கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டானா?”

“ஒத்துக்கிட்டான். பாக்கெட்டுக்குள்ளயே சின்னதா ஒரு கலர் குளிகையையும் வெச்சுட்டான்! எங்க லாட்ஜ் வீட்டுக்காரம்மா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் ரேடியோ கேட்டுக்கிட்டே அந்தப் பாக்கெட்டை அமுக்கி அமுக்கிப் பிசைவாங்க. மாவு பிசையற மாதிரி. கொஞ்ச நேரத்துல மஞ்சளாயிடும். ஒரு காலத்துல சில ராஜ்யத்துல இதை ரோஸ் கலர்லதான் விக்கணும்னு கூடச் சட்டம் இருந்துச்சாம், மாமா. பார்த்தாலே பசி போயிடணும்னு!”

யோசித்துப் பாருங்கள். அங்கே மாட்டுக்காரர்கள் கை ஓங்கியிருக்கிறது. ‘சாயம் போடாதே’ என்று சட்டம். இங்கே மில்காரர்கள் கை ஓங்கியிருக்கிறது. ‘சாயம் போடு’ என்று கத்தினால் கேட்க ஆள் இல்லை. காரணம் வேறு, கோஷம் வேறு... கடைசியில் இரண்டு தேசத்திலும் டப்பாவில் இருப்பது வெள்ளை! நடுவில், அடுக்களையில் நிற்கிறவளுக்கு எது சௌகரியம் என்று வாஷிங்டனிலும் கேட்கவில்லை, டில்லியிலும் கேட்கவில்லை. அங்கே அவள் பிசைகிறாள். இங்கே அவள் முகர்ந்து பார்க்கிறாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

போகட்டும். நம்ம தெருவுக்கு வருவோம்.

ஜூன் மாதம் வரதராஜன் தம் காலேஜ் லாபரட்டரியில் பரிசோதனையை ஆரம்பித்தார். நாங்கள் வாங்கும் கடை நெய்யெல்லாம் வரிசையாகச் சிவந்தது. தெருவே திகைத்துப்போனது. சிவக்காதது ஒரே ஒரு நெய் — ஆரோக்கியம்மாளின் நெய்.

ஆரோக்கியம்மாள் ரிச்சர்ட்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறார். பழைய காம்பவுண்டு, பெரிய நாவல் மரம், அதன் கீழே இரண்டு எருமைகள். ஒன்றுக்கு ராணி என்று பெயர், இன்னொன்றுக்கு ரோஸி. கணவர் ரயில்வேயில் இருந்து ரிடையர் ஆகி, மார்ச்சளியோடு ஈஸிசேரில் கிடப்பவர். பென்ஷன் வாடகைக்குச் சரி. சாப்பாடும் மருந்தும் ராணி, ரோஸி புண்ணியம். அந்த அம்மாள் பால் கொடுப்பார், வெண்ணெய் எடுப்பார், பண்டிகை வந்தால் நெய் காய்ச்சுவார். அவருக்கு வருஷத்தில் இரண்டு அறுவடை. ஒன்று தீபாவளி, அது எங்களைப்போன்ற ஹிந்துக் குடும்பங்களுக்கு. இன்னொன்று கிறிஸ்துமஸ்; அது அவருடைய சர்ச் ஜனங்களுக்கு.

வரதராஜன் ஜூனில் கொடுத்த சர்டிபிகேட்டினால், இந்தத் தீபாவளிக்கு எங்கள் தெரு முழுக்க ஆரோக்கியம்மாளிடம் நெய் சொல்லி வைத்தது. அந்த அம்மாள் மூன்று மாதமாக வெண்ணெய் எடுத்து, நெய்யாகக் காய்ச்சிச் சேர்த்தார். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் கடன் சொல்லி வாங்கிப்போட்டார். பாலில் பாதியைக்கூட விற்காமல் கடைந்தார்.

இதற்கு நடுவில் காலேஜ் பிரின்ஸிபால் வரதராஜனைக் கூப்பிட்டுவிட்டார். பையன்களின் திராவகத்தில் தெருக்காரர்களின் நெய்யை என்னய்யா குலுக்குகிறீர் என்று கேட்டாராம். வரதராஜனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சொந்தக் காசில் திராவகம் வாங்கினார், குழாய்கள் வாங்கினார், பரிசோதனையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அவருக்கு கிளாஸ் கிடையாது. எனவே சனிக்கிழமை தோறும், அவர் வீட்டுப் பின்கட்டில், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் தர்பார்.

வீட்டில் நடந்த முதல் பரிசோதனையே ஆரோக்கியம்மாளின் தீபாவளி நெய்தான்.

சிவந்துவிட்டது.

நானும் அங்கே இருந்தேன். இன்னும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

“ஜூன்ல நல்லா இருந்துச்சே!”

“அதுதான் சார் தந்திரம். முதல்ல நல்லதைக் குடுத்துப் பேர் வாங்கறது. பண்டிகைன்னு வந்ததும் கையை வெக்கறது.”

“ரெண்டு எருமையை வெச்சுக்கிட்டு ஒரு தெருவுக்கே நெய் எப்படி வரும்? நான் அப்பவே நினைச்சேன்!”

அப்பவே நினைத்ததாக அப்புறம் சொல்கிறவர்கள் எந்தத் தெருவில்தான் இல்லை?

விஷயம் ஆரோக்கியம்மாளின் காதுக்குப் போயிற்று. மறுநாள் பூசை முடிந்து, தலையில் முக்காடு எடுக்காமலே நேரே வரதராஜன் வீட்டுக்கு வந்தார்.

“காலேஜ் சார், நீங்க படிச்சவங்க. நான் படிக்காதவ. ஆனா மாதா மேல சத்தியமாச் சொல்றேன், எங்க வூட்டுக்குள்ள இன்னைக்கு வரைக்கும் அந்த டின்னு வந்ததில்ல.”

“நான் ஒண்ணும் சொல்லலைம்மா. குழாய் சொல்லுது” என்றார் வரதராஜன். சொல்லும்போது அவருக்கே சங்கடம்தான். ஆனாலும் விஞ்ஞானம் விஞ்ஞானமல்லவா?

“குழாய்க்கு என் மேல என்னா சார் கோவம்?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் போய்விட்டார்.

அந்த வாரமே சொல்லிவைத்த நெய்யை எல்லோரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு எழுதிப்போட வேண்டும் என்று ஒருவர் குதித்தார். நான் சும்மா இருந்தேன். என் வீட்டில் சும்மா இருக்காத ஒருத்தி இருந்தாள்.

“அந்தம்மா பாலைத்தானே நாம வருஷக்கணக்கா வாங்கறோம்? அதே பால்ல நான் நெய் காய்ச்சறேன். அதைக் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்க. எருமை யோக்கியமா இல்லையான்னு தெரிஞ்சுடும்” என்றாள் கமலா.

அதற்குள் வரதராஜன் வீட்டு வாசலில் கூட்டம் பெருகிவிட்டது. தபாலாபீஸ்காரர் மாமியார் சேலத்தில் இருந்து அனுப்பிய நெய் — சிவப்பு. கோயில் குருக்கள் கொண்டுவந்த நெய் — சிவப்பு. ஒருவர் மைசூரில் இருந்து சத்தியம் பண்ணி வாங்கிவந்த நெய் — செக்கச்செவேல்! வரதராஜன் முகத்தில் ஒரு சோக சந்தோஷம். உலகமே கெட்டுப்போய்விட்டது என்பதைத் தாமே கண்டுபிடித்த மனிதனின் சந்தோஷம்.

இந்தக் கட்டத்தில்தான் எங்கள் நெய்யும் சிவந்தது.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். கோலப்பொடிக் கையோடு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நான் கலப்படக்காரியா?”

“உன்னை யார் சொன்னாங்க... குழாய்...”

“குழாயும் வேணாம், புனலும் வேணாம்” என்று ஒரு கிண்ணத்தில் உறைந்த நெய்யை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பெங்களூர்க் குளிரில், கார்த்திகைக்கு முந்தியே, நெய் கல்லாய்ப் போய்விடும். ஸ்பூன் போட்டால் ஸ்பூன்தான் வளையும். நான் பின்னாலேயே ஓடினேன்.

வரதராஜன் இன்னும் குளிக்கவில்லை. இடுப்பில் ஒரு துண்டு. மூக்குக் கண்ணாடி ஜன்னல் மேல் பத்திரமாக இருந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். சனிக்கிழமை அல்லவா? தமிழன் பெங்களூரில் மூன்று தலைமுறை இருந்தாலென்ன, முப்பது தலைமுறை இருந்தாலென்ன, சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடுவானா? எண்ணெய் ஊற வேண்டுமே, அந்த நேரம் வீணாகக் கூடாதே என்றுதான் மனிதர் பரிசோதனையை அந்தப் பொழுதில் வைத்துக்கொண்டிருந்தார்!

“அண்ணா, என் கண்ணு முன்னால ஒரு தடவை பண்ணுங்க” என்றாள் கமலா.

“தாராளமா பண்ணலாம்மா. கெமிஸ்ட்ரிக்கு ஒளிவு மறைவு கிடையாது.”

கிண்ணத்தை வாங்கினார். நெய் உருகினால்தானே குழாயில் விட முடியும்? வெந்நீர் அடுப்பின் ஓரத்தில் இருந்த இரும்புக் கரண்டியை எடுத்தார். ஒரு கட்டி நெய்யை அதில் போட்டு, தணலில் காட்டினார். நெய் உருகியது. உருகிய நெய்யின் மேல் இரண்டு மிளகு மெதுவாக மிதந்து வந்தன.

கமலா குனிந்து பார்த்தாள்.

“அண்ணா, என் நெய்யில மிளகு எங்கேருந்து வந்துச்சு?”

“மிளகா? எங்கே?” கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார் வரதராஜன்.

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல்: “ஏங்க, தலைக்கு எண்ணெய் காய்ச்சின கரண்டியை அங்கயே வெச்சுட்டேன். கழுவலை. எடுத்துக் குடுங்க!”

அடுப்பில் அண்டா மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

உங்களுக்கும் புரிந்திருக்கும். மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய், அந்தக் கரண்டியில். அதே கரண்டியில், வாராவாரம், தெருவார் நெய். குழாயின் கார்க்கை மூடுவது எண்ணெய்க் கை. குழாயைத் துடைப்பது இடுப்பில் இருந்த எண்ணெய்த் துண்டு. நல்லெண்ணெய் சொட்டச்சொட்ட நின்றுகொண்டு ஒரு மனிதர் எங்கள் நெய்யில் நல்லெண்ணெயைத் தேடியிருக்கிறார். தேடியது கிடைத்தும்விட்டது! சுற்றி நின்ற நாங்கள், எல்லோரும் படித்தவர்கள், வாராவாரம் இந்தக் காட்சியை ‘ஆஹா’ என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றும்? எங்கள் தலையிலும் அதே எண்ணெய்தானே?

வரதராஜன் எழுந்தார். சீயக்காய் தேய்த்துத் தலை முழுகினார். வேஷ்டி மாற்றி, கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். புதுக் குழாய்களை வெந்நீரில் அலசினார். கிண்ணத்தோடு நெய்யை வெந்நீரில் வைத்து உருக்கி, திராவகம் விட்டுக் குலுக்கினார்.

சிவக்கவில்லை.

பிறகு அலமாரியில் இருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். ஆரோக்கியம்மாள் கொடுத்துவிட்ட நெய்யில் மீதி. அதையும் உருக்கினார், குலுக்கினார், தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவும் சிவக்கவில்லை. சிவந்தது அவர் முகம்தான்.

“நான் என்ன காரியம் பண்ணிட்டேன், சார்...” என்றார்.

“இப்ப புலம்பாதீங்க அண்ணா. போய்ச் சொல்லுங்க” என்றாள் கமலா.

ஈரத்தலையோடு புறப்பட்டார். துணைக்கு நான். ஆரோக்கியம்மாள் ரோஸிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வரதராஜன் எதையும் மறைக்கவில்லை. கரண்டி, மிளகு, துண்டு, எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில் கைகூப்பிவிட்டார். காலேஜ் லெக்சரர் ஒருவர் மாட்டுக் கொட்டகையில் கைகூப்பி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த அம்மாள் சிரித்தேவிட்டார்.

“தலைக்கு வெச்ச எண்ணெய்யா சார்? நல்லா இருந்துச்சு போ! சரி, வுடுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் ஜனங்க நம்பினாங்க. இப்ப மாத்திச் சொல்லுங்க. நம்பறாங்களான்னு பாப்போம்.”

இதை வரதராஜனுடைய பெருமைக்காக எழுதுகிறேன் — மனிதர் சொன்னார். வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்னார். ‘தப்பு என்னுடையது, அந்த அம்மாள் நெய் சுத்தம்’ என்று எங்கள் தெருவில் மட்டுமல்ல, எங்கள் பேட்டையான பிரேசர் டவுன் முழுக்கச் சொன்னார். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு? தாம் தப்பாகச் சொன்னதைத் திருத்திக்கொண்டு வீடு வீடாக வந்த எந்தக் கம்பெனியையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

எல்லோரும் நம்பினார்கள். அதில் குறையே இல்லை. ‘அடடா’ என்றார்கள். ‘பாவம்’ என்றார்கள். மிளகு கதைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆரோக்கியம்மாளின் நல்ல பெயர் பழையபடி திரும்பிவிட்டது.

வாடிக்கை திரும்பவில்லை.

ஏன் என்றால், அதற்குள் எல்லா வீட்டிலும் டின் வந்துவிட்டது. தீபாவளிப் பலகாரம் அதிலேயே செய்தாகிவிட்டது. மைசூர்பாகு பிரமாதமாக வந்ததாம். தபாலாபீஸ்காரர் மனைவி கமலாவிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அந்தம்மா நல்லவங்கதான், யாரு இல்லைன்னது? ஆனா டின்னுன்னா வேலை மிச்சம் கமலா. விலையும் சல்லிசு. நெய்யின்னு சொல்லி ஏமாறறதவிட, டின்னுன்னு தெரிஞ்சே வாங்கிடலாமே. இதுக்குக் குழாயும் வேணாம், வரதராஜனும் வேணாம்.”

நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எத்தனை சனிக்கிழமை, எத்தனை குழாய்! ஒரே ஒரு பொருளை மட்டும் நாங்கள் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை... அது டின். அதில் என்ன எண்ணெய், எந்த ஊர் எண்ணெய், எப்படி இறுக்கினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. முத்திரை இருக்கிறது, படம் போட்டிருக்கிறது, மூடி இறுக்கமாக இருக்கிறது, போதாதா? சந்தேகமெல்லாம் நாவல் மரத்தடியில், நம் கண்ணெதிரே கறக்கிற அம்மாள்மேல்தான். வனஸ்பதியை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று புறப்பட்ட வரதராஜன், ஒரு தெருவுக்கே வனஸ்பதி வாங்கிக் கொடுத்துவிட்டார். கம்பெனிக்கு இப்படி ஒரு சம்பளமில்லாத ஏஜெண்டு கிடைப்பாரா? இதில் வேதனை, அந்தக் கம்பெனியின் மேல் அவருக்கு இருக்கிற கோபம் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது.

நவம்பர் கடைசியில் ஆரோக்கியம்மாள் ரோஸியை விற்றுவிட்டார். சேர்த்த நெய்யையெல்லாம் ஒரு ஹோட்டல்காரன் அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொண்டானாம். புண்ணாக்குக் கடன் அடைக்க வேறு வழி இல்லை. கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பின்கட்டில் நின்று ‘ஆஹா’ என்றவர்களில் நானும் ஒருவன்தானே?

இந்த வாரம் கிறிஸ்துமஸ். வரதராஜன் தம்பதியும் நாங்களும் சேர்ந்து போனோம். ஆரோக்கியம்மாள் புதுச் சேலையில் இருந்தார். கணவரும் அன்று ஈஸிசேரை விட்டு எழுந்து, கோட்டு மாட்டி உட்கார்ந்திருந்தார். தட்டு நிறையப் பலகாரம் வந்தது — குல்குல், அச்சு முறுக்கு, ஒரு துண்டு கேக். தட்டை நீட்டும்போதே அந்த அம்மாள் சொல்லிவிட்டார்:

“வருசா வருசம் நெய்யிலதான் பண்ணுவேன். இந்த வருசம் டின்னுதான் சார். ராணி ஒருத்தி என்னா பண்ணுவா? அவ நெய்ய சர்ச்சு ஜனங்களுக்குக் குடுத்துட்டேன். சொல்லாம குடுக்கக் கூடாதில்ல, அதான் சொன்னேன்.”

திராவகம் இல்லை, சர்க்கரை இல்லை, சட்டம் இல்லை. கேட்பதற்கு முன்னால் அவரே சொன்னார். இதைச் சொல்ல வைப்பதற்குத்தானே டில்லியில் அத்தனை பேர் அத்தனை காலம் உட்கார்ந்து யோசித்தார்கள்?

வரதராஜன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு குல்குல்லை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். நானும் எடுத்தேன். கமலாவும் எடுத்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ருசியில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என் கவலை.